சுண்ணாம்புச் சுவரும் கடலின் கணக்கும்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையைத் தூத்துக்குடி மாவட்ட மக்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை பதிவானது. அந்த ஊர் ஓராண்டு முழுவதும் சராசரியாகப் பெறும் மழையைவிட இது அதிகம். சில நாள்களில் வெள்ளம் வடிந்தது. நிவாரணம் வந்தது, உடைந்த சாலைகளும் குளக்கரைகளும் செப்பனிடப்பட்டன. ஆனால், வீட்டுச் சுவர்களுக்குள் புகுந்த நீர் அவ்வளவு விரைவில் வெளியேறவில்லை. அந்த நீரைப் பற்றி யாரும் கணக்கெடுக்கவும் இல்லை.

தூத்துக்குடியில் கடற்கரையிலிருந்து சற்றே உள்ளடங்கிய தெருவில் இருக்கும் என் வீட்டின் தரைத்தளத்தில் முழங்காலளவு நீர் மூன்று நாள்கள் நின்றது. அது என் பாட்டனார் காலத்தில் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு கட்டப்பட்ட வீடு. பணி ஓய்வுக்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர், முன்கூடத்துச் சுவர்களில் பழைய பூச்சு ஆங்காங்கே உதிர்ந்திருந்தது. ஒப்பந்ததாரர் ஒருவரின் யோசனையை ஏற்று, அதை முழுவதுமாகக் கொத்தியெடுத்துவிட்டு சிமெண்ட் பூசி, அதன்மேல் பளபளப்பான எமல்ஷன் பெயிண்ட் அடித்தேன். கையிருப்புப் பணம் அதோடு தீர்ந்துவிட்டதால் பின்கட்டு அறைகள் இரண்டையும் பழைய சுண்ணாம்புப் பூச்சுடனேயே விட்டுவிட்டேன்.

வெள்ளத்துக்குப் பிறகு நடந்ததுதான் வியப்பு. பின்கட்டு அறைகள் மாசி மாத வெயிலில் காய்ந்துவிட்டன. அங்கே ஒருமுறை வெள்ளையடித்ததோடு வேலை முடிந்தது. நவீனப்படுத்தப்பட்ட முன்கூடமோ அடுத்த ஆடி வரை ஓதம் காத்தது. பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்தது. சுவரைத் தட்டினால் உள்ளே கூடாக ஒலித்தது. பூச்சைப் பெயர்த்தபோது அதனோடு செங்கல்லின் முகமும் மாவாக உதிர்ந்து வந்தது. பார்வையிட வந்த எழுபது வயதுக் கொத்தனார் ஒருவர் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “சுவரும் வேர்க்கணும் சார். நீங்க அதுக்கு மழைக்கோட்டு மாட்டி விட்டுட்டீங்க.”

ஒரு வீட்டின் அனுபவத்தைக் கொண்டு பொது முடிவுக்கு வருவது தவறு என்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். எனவே, கொத்தனாரின் வாக்கியத்தை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாமல், அதன் பின்னாலிருக்கும் காரணத்தைத் தேடினேன். அந்தத் தேடல் என்னைச் சுவரிலிருந்து கடலுக்கும், கடலிலிருந்து அரசின் விலைப்பட்டியலுக்கும் இழுத்துச் சென்றது. இயற்கைப் பூச்சுகளைப் பற்றி இப்போது ஆர்வத்துடன் பேசப்படும் வேளையில், இந்தக் கடற்கரை அதற்குச் சொல்லக்கூடிய பாடம் ஒன்று உண்டு.

சுவருக்குள் நடப்பது என்ன?

தூத்துக்குடியின் காற்றில் உப்பு உண்டு; நிலத்தடி நீரிலும் உப்பு உண்டு. குஜராத்துக்கு அடுத்தபடியாக நாட்டில் அதிக உப்பு விளைவது இங்குதான் என்பதே போதிய சான்று. செங்கல் சுவர், விளக்குத்திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல், அடித்தளத்திலிருந்து ஈரத்தை மேலே இழுக்கிறது. அந்த ஈரத்தில் கரைந்து உப்பும் ஏறுகிறது. ஈரம் எங்கே ஆவியாகிறதோ, அங்கே உப்பு படிகமாகிறது. படிகம் வளரும்போது சுற்றியுள்ள பொருளை நெருக்கித் தள்ளுகிறது. கடலோர வீடுகளின் சுவர் நோய்களில் பெரும்பகுதிக்கு இதுவே மூலம்.

சுண்ணாம்புப் பூச்சு நுண்துளைகள் நிறைந்தது. சுவரின் ஈரம் அதன் வழியாக ஆவியாகி வெளியேறுகிறது. உப்பு, பூச்சின் மேற்பரப்பில் படிகமாகிறது. காலப்போக்கில் பூச்சுதான் உதிர்கிறது, செங்கல் தப்பிவிடுகிறது. அதாவது, சுண்ணாம்புப் பூச்சு உதிர்வதே அதன் பணியின் ஒரு பகுதி. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதைப் புதுப்பித்துக்கொண்டால் சுவர் தலைமுறைகளுக்கு நிற்கும். சிமெண்ட் பூச்சு அடர்த்தியானது, கெட்டியானது. பழைய செங்கல்லைவிட வலிமை கூடியது. அதன்மேல் எமல்ஷனும் ஏறும்போது ஈரத்துக்கு வழி அடைபடுகிறது. உப்பு, பூச்சுக்கும் செங்கல்லுக்கும் இடையே படிகமாகி இரண்டையும் பிரிக்கிறது. வலிய பூச்சு நின்றுகொண்டு மெலிந்த செங்கல்லைப் பலிகொடுக்கிறது. உதிர்ந்த பழைய பூச்சைக் கண்டு நான் நோய் என்று எண்ணியது உண்மையில் மருந்து வேலை செய்ததன் அடையாளம்.

இதைக் கற்றுக்கொள்ள மற்றவர்களும் விலை கொடுத்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் நூற்றாண்டுகள் பழைமையான பல கல் தேவாலயங்களை இருபதாம் நூற்றாண்டில் சிமெண்ட் கொண்டு பழுதுபார்த்தார்கள். கல்லே சிதையத் தொடங்கிய பின்னர், அந்த சிமெண்ட்டைச் செதுக்கியெடுத்துவிட்டுச் சுண்ணாம்புக்குத் திரும்பினார்கள். வெல்ஸ் பேராலயத்தின் மேற்கு முகப்பில் 1970-களில் தொடங்கிய சீரமைப்பு அந்த மறுமலர்ச்சிக்கு வழிகாட்டியது. தமிழகத்திலும் சென்னை சேப்பாக்கத்தின் கலச மகால், ஹுமாயூன் மகால் ஆகியவற்றைப் பொதுப்பணித் துறை சுண்ணாம்புப் பூச்சு கொண்டே மீட்டெடுத்தது.

நம் கடற்கரைக்கு இது புதிய செய்தி அல்ல. மணப்பாட்டின் திருச்சிலுவை ஆலயம் 1581-ஐச் சேர்ந்தது. தூத்துக்குடி பனிமய மாதா பேராலயம் 1713-இல் எழுந்தது. டச்சுக்காரர்கள் கட்டிய திரித்துவ ஆலயம் 1750-ஐச் சேர்ந்தது. போர்ட்லாண்ட் சிமெண்ட்டுக்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெறப்பட்டதே 1824-இல்தான். நெல்லைச் சீமையில் தாழையூத்து சங்கர்நகர் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது 1949-இல். அதற்கு முன் இந்த உப்புக்காற்றில் நின்ற கோயில், பள்ளிவாசல், தேவாலயம், பண்டகசாலை யாவும் சுண்ணாம்பை நம்பியே நின்றன. நீற்றிய சுண்ணாம்பை வாரக்கணக்கில் தொட்டியில் ஊறவைத்து, மணலுடன் கலந்து, கல் உருளையால் அரைத்து, கடுக்காய் ஊறிய நீரும் உடன்குடிக் கருப்பட்டிக் கரைசலும் சேர்த்துப் பூசினார்கள். செட்டிநாட்டில் கடைசிப் பூச்சுக்கு முட்டையின் வெள்ளைக்கருவும் சேர்ந்தது.

மண்பூச்சு, இதே குடும்பத்தின் உள்நாட்டு உறுப்பினர். விளாத்திகுளம், ஒட்டப்பிடாரம், எட்டயபுரம் பகுதிக் கரிசல் ஊர்களில் களிமண்ணோடு மணலும் வைக்கோல் துணுக்கும் பிசைந்து பூசி, சாணமிட்டு மெழுகிய சுவர்களை என் தலைமுறையினர் பார்த்திருக்கிறோம். காற்றில் ஈரம் மிகும்போது உறிஞ்சி, குறையும்போது விடுவிக்கும் குணம் களிமண்ணுக்கு உண்டு. ஆனால், வெறும் கரிசல் மண் காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். தேரி மண்ணில் மணல் மிகுதி என்பதால் தனியாக ஒட்டாது. இரண்டின் அளவையும் அறிந்து கலக்கும் கை வேண்டும். நீர் நின்றால் மண்பூச்சு கரைந்துவிடும். எனவே, வெள்ளம் புகக்கூடிய தாழ்ந்த கடலோரத் தெருக்களுக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன். உயர்ந்த பீடத்தில் கட்டிய வீட்டின் உட்சுவருக்கு, மேலே சுண்ணாம்பு அடித்து, அது தாராளமாகப் பொருந்தும்.

சுண்ணாம்புக்கும் எல்லைகள் உண்டு. தூணையும் கான்கிரீட் தளத்தையும் அது தாங்காது. அது மெதுவாகத்தான் இறுகும். காற்றிலுள்ள கரியமில வாயுவை உள்ளிழுத்து மீண்டும் சுண்ணாம்புக்கல்லாக மாறுவதே அது இறுகும் முறை. அதற்குப் பல வாரங்கள் ஈரப்பதத்தோடு காக்க வேண்டும். அடைமழைக் காலத்தில் வெளிப்பூச்சு வேலை கூடாது. ஐப்பசி, கார்த்திகை நீங்கலாக ஆண்டின் பெரும்பகுதி வறண்டிருக்கும் தூத்துக்குடிக்கு அது பெரிய தடை இல்லை.

கடல் கொடுத்த விலை

இதுவரை சொன்னதை மட்டும் சொல்லி முடித்தால் இக்கட்டுரை பழம்பெருமைப் பாட்டாகிவிடும். சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை இந்தக் கடற்கரையில் தவிர்க்க முடியாது.

கழிமுகங்களிலும் கடற்கரையிலும் ஒதுங்கிய கிளிஞ்சல்களைச் சுட்டுச் சுண்ணாம்பாக்குவது பழைய வழக்கம். அரசு மதிப்பீடுகளில் ‘கிளிஞ்சல் சுண்ணாம்பு கொண்டு இரண்டு பூச்சு வெள்ளையடித்தல்’ என்ற இனம் நெடுங்காலம் இடம்பெற்றதே அதற்குச் சான்று. ஆனால், மன்னார் வளைகுடாவில் கிளிஞ்சலைவிட எளிதாகவும் பெருமளவிலும் கிடைத்தது பவளப்பாறை. தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகள். அவற்றைச் சுற்றிப் பல்லாயிரம் ஆண்டுகளாக வளர்ந்த பவளத் திட்டுகள். அவற்றை உடைத்து வள்ளங்களில் ஏற்றி வந்து கட்டடக் கல்லாகவும், சுண்ணாம்புக் காளவாய்க்கும், கால்சியம் கார்பைடு போன்ற தொழில்களுக்கும் விற்றார்கள். இந்தக் கடற்பகுதியிலிருந்து 1970-களில் ஆண்டுக்குப் பல்லாயிரம் டன் பவளம் எடுக்கப்பட்டதாக மதிப்பீடுகள் உள்ளன. என் பள்ளிப் பருவத்தில் கடற்கரையில் வெண்ணிறக் குவியல்களைக் கண்டிருக்கிறேன். அவை உயிரினங்களின் உடல்கள் என்று அன்று எனக்கும் தெரியாது, அவற்றைச் சுமந்தவர்களுக்கும் தெரியாது.

விளைவு என்ன? தூத்துக்குடிக் குழுமத்தைச் சேர்ந்த விலாங்குசல்லித் தீவும், கீழக்கரைக் குழுமத்தைச் சேர்ந்த பூவரசன்பட்டித் தீவும் கடலில் மூழ்கிப்போயின. அலையைத் தடுக்கும் அரண் பாறைகள் போனதும் மணல் தீவுகள் அரிக்கப்பட்டன. பவளம் அகழ்ந்ததை இதற்கு முக்கியக் காரணங்களுள் ஒன்றாக ஆய்வாளர்கள் குறிப்பிடுகின்றனர். 1986-இல் இப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாகவும், 1989-இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. 2001-இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. ஆயினும், 2004 ஆழிப்பேரலைக்குப் பிந்தைய ஆண்டுகளில்தான் பவளம் எடுப்பது ஏறத்தாழ நின்றது.

அந்தப் பேரலையே இலங்கையின் தென்மேற்குக் கரையில் இப்பாடத்தைக் கொடூரமாக எழுதிக் காட்டியது. பெரலிய என்ற இடத்தில் பயணிகள் ரயிலொன்றை அலை புரட்டி ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. சுண்ணாம்புக்காகப் பவளம் தொடர்ந்து எடுக்கப்பட்ட அந்தப் பகுதியில் கடல் சுமார் ஒன்றரை கிலோ மீட்டர் உள்ளே வந்தது. சில கிலோ மீட்டர் தொலைவில், பவளத் திட்டு காக்கப்பட்டிருந்த ஹிக்கடுவையில் அலை ஏறத்தாழ 50 மீட்டரே உட்புகுந்ததாக 2005-இல் வெளியான ஆய்வு பதிவுசெய்தது. சுவரை வெளுப்பாக்க எடுத்த சுண்ணாம்பு, ஊருக்கு அரணாக இருந்த சுவர் என்பதை அந்த ஊர் மிகத் தாமதமாக அறிந்தது.

தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வான் தீவு மூழ்கிவிடாமல் காக்க 2015 முதல் அதன் கடலோரத்தில் செயற்கைப் பாறைகள் இறக்கப்பட்டன. அவை துளைகளிட்ட கான்கிரீட் கட்டமைப்புகள். தீவு மேலும் சுருங்காமல் ஓரளவு நிலைபெற்றது. காரியசல்லித் தீவுக்கும் இப்போது அதே வழி பின்பற்றப்படுகிறது. அதாவது, கடலிலிருந்து சுண்ணாம்பை எடுத்து நிலத்தில் சுவராக்கினோம். இன்று நிலத்திலிருந்து சிமெண்ட்டைக் கொண்டுபோய்க் கடலில் சுவர் எழுப்புகிறோம், அதுவும் பொதுப் பணத்தில். அன்று ஒரு வண்டிச் சுண்ணாம்பு மலிவாகக் கிடைத்ததற்குக் காரணம் அதன் உண்மை விலையில் பெரும்பகுதியை வாங்கியவர் கொடுக்கவில்லை என்பதுதான். அந்தப் பாக்கியை அரை நூற்றாண்டு கழித்து வரி செலுத்துவோர் அடைக்கிறார்கள். பாறையை நம்பி வாழ்ந்த மீனவர் அடைத்த பங்கு எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

எனவே, இயற்கைப் பூச்சு என்ற சொல்லை நான் எச்சரிக்கையோடு பயன்படுத்துகிறேன். இயற்கையிலிருந்து வந்தது என்பதற்காக ஒரு பொருள் இயற்கைக்கு நல்லதாகிவிடாது. கரிமக் கணக்கிலும் அப்படித்தான். நூறு கிலோ சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பும் 44 கிலோ கரியமில வாயுவும் கிடைக்கும். இறுகும்போது அந்த வாயுவில் ஒரு பகுதியைப் பூச்சு திரும்ப ஏற்றுக்கொள்கிறது என்பது உண்மை. காளவாயில் எரித்த விறகும் கரியும் விட்ட புகையை அது ஏற்பதில்லை. சிமெண்ட்டுக்குச் சுமார் 1,450 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவைப்படும்போது சுண்ணாம்புக்கு 900 டிகிரி அளவே போதும் என்பது ஆதாயம். உலகக் கரியமில வாயு உமிழ்வில் சிமெண்ட்டின் பங்கு 7 முதல் 8 சதவீதம் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஆனால், சுண்ணாம்பின் பெரிய ஆதாயம் புகையில் இல்லை; சுவரின் ஆயுளில் இருக்கிறது. இடித்துக் கட்ட வேண்டிய வீட்டைப் பழுதுபார்த்துக் காப்பாற்றினால், அந்த வீட்டுக்குத் தேவைப்பட்டிருக்கும் செங்கல், கம்பி, சிமெண்ட் அனைத்தும் மிச்சம்.

எது மலிவு?

என் முன்கூடத்தை 2025-இன் தொடக்கத்தில் மீண்டும் சுண்ணாம்புப் பூச்சுக்கு மாற்றினேன். கடல் சாராத, உள்நாட்டுச் சுண்ணாம்புக்கல்லைச் சுட்ட சுண்ணாம்பையே வாங்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தேன். சிமெண்ட் பூச்சுக்கு முன்பு ஒன்பது நாள்கள் ஆயின. இதற்கு ஏழு வாரங்கள். செலவு, இன்றைய சிமெண்ட் பூச்சின் இரு மடங்குக்கும் மேல். அந்த வேலை தெரிந்த கொத்தனாரைக் கண்டுபிடிக்கவே நான்கு மாதங்கள் பிடித்தன. கிடைத்தவர் முன்பு சொன்ன எழுபது வயதுக்காரர்தான். அவரோடு வந்த இளைஞர்கள் இருவரும் கரணை பிடிப்பதில் தேர்ந்தவர்கள். ஆனால், சுண்ணாம்பை நீற்றும் பக்குவம் அவர்களுக்குத் தெரியாது. நீர் பட்டதும் சுண்ணாம்பு கொதித்துச் சிதறும். கண்ணில் பட்டால் பார்வை போகும். கண்ணாடியும் கையுறையும் அணியாமல் அந்தத் தொட்டியருகே யாரையும் விடக் கூடாது என்பதை நானே அப்போதுதான் கற்றேன்.

செலவு எதில் கூடியது என்று கணக்கிட்டுப் பார்த்தேன். பொருளில் இல்லை. கூலியிலும் காத்திருந்த நாள்களிலும்தான். சிமெண்ட் பூச்சில் செலவாகும் பணத்தின் கணிசமான பகுதி ஆலைக்கும் அதன் எரிபொருளுக்கும் போகிறது. சுண்ணாம்புப் பூச்சில் பெரும்பகுதி கொத்தனாருக்கும், சித்தாளுக்கும், காளவாய்க்காரருக்கும் போகிறது. ஒரு சிறு பகுதி பனையேறிக்கும் போய்ச் சேர்கிறது. ஒரு மாவட்டத்தின் வருமானம் அந்த மாவட்டத்திலேயே சுழல வேண்டும் என்று விரும்புவோருக்கு இது செலவு அல்ல, வேலைவாய்ப்பு. ஆனால், தனி வீட்டுக்காரருக்கு அது செலவுதான். இந்த முரணைப் பூசி மறைத்துவிட்டு இயற்கைப் பூச்சைப் போற்றுவது நேர்மையாகாது.

விலைகள் போகும் திசையையும் பார்க்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்ட்டுக்கான சரக்கு, சேவை வரி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. வீடு கட்டுவோருக்கு அது நன்மை, வரவேற்கிறேன். சுண்ணாம்புக்கு வரி 5 சதவீதமே. இருந்தும் சுண்ணாம்பு சந்தையில் வெல்லவில்லை. ஆகவே, வரிச் சலுகை கேட்டு இந்தச் சிக்கல் தீராது. கொத்தனார் இல்லாததால் யாரும் சுண்ணாம்பு வேலை கேட்பதில்லை. யாரும் கேட்காததால் இளைஞர் எவரும் அதைக் கற்பதில்லை. எங்கள் துறையில் இதை ஒருங்கிணைப்புத் தோல்வி என்போம். தனியார் எவரும் தனித்து உடைக்க முடியாத இந்த வட்டத்தை உடைக்கக்கூடிய ஒரே பெரிய வாடிக்கையாளர் அரசுதான்.

ஆனால், அரசு வாங்கும் முறையே சுண்ணாம்புக்கு எதிராக இருக்கிறது. ஒப்பந்தப்புள்ளியில் குறைந்த தொகை கேட்டவருக்கே வேலை. வேலையை முடிக்கக் கெடு உண்டு. குறைபாட்டுக்கு ஒப்பந்ததாரர் பொறுப்பேற்கும் காலம் முடிந்த பின்னர் சுவர் பொரிந்தால், அது பராமரிப்பு என்ற வேறு தலைப்பில், வேறு ஆண்டின் நிதியில் செலவாகும். கட்டும்போது மிச்சப்படுத்திய தொகை ஒரு கோப்பில் பாராட்டுப் பெறுகிறது. அதனால் வந்த பழுது வேறொரு கோப்பில் விதியாகிறது. இரண்டு கோப்புகளையும் ஒருசேர விரித்துப் பார்ப்பவர் யாருமில்லை. கட்டடத்தின் முழு ஆயுளுக்கான செலவை ஒப்பிட்டு வேலை கொடுக்கும் நாள் வரும் வரை, ஓதம் ஏறும் பழைய சுவர்களில் சிமெண்ட் பூசுவது தொடரத்தான் செய்யும்.

செய்யக் கூடியவை

முதலாவது, பழுதுபார்ப்பிலிருந்து தொடங்க வேண்டும். புதிய கட்டடங்களைச் சுண்ணாம்பில் கட்டுவோம் என்ற பெரிய முழக்கம் வேண்டாம். சுண்ணாம்பில் கட்டப்பட்ட பழைய சுவரைச் சுண்ணாம்பாலேயே பழுதுபார்க்க வேண்டும் என்ற ஒற்றை விதி போதும். தூத்துக்குடி, காயல்பட்டினம், புன்னைக்காயல், மணப்பாடு, குலசேகரன்பட்டினம் ஆகிய ஊர்களில் 1950-க்கு முந்தைய பள்ளிகள், வழிபாட்டிடங்கள், அலுவலகங்கள், பண்டகசாலைகள் எத்தனை என்று ஒரு பட்டியல் தயாரித்தால், பத்தாண்டுகளுக்கான வேலை கண்முன் தெரியும். நிலையான தேவை தெரிந்தால் தொழில் கற்க ஆள் வருவார்கள்.

இரண்டாவது, பயிற்சி. கட்டுமானச் செலவில் ஒரு சதவீதம் தொழிலாளர் நலனுக்கான தீர்வையாக வசூலிக்கப்படுகிறது. அதில் ஒரு சிறு பகுதியைக் கொண்டு, எஞ்சியிருக்கும் மூத்த கொத்தனார்களை ஆசிரியர்களாக அமர்த்தி, கற்கும் இளைஞர்களுக்கு நாள்கூலியும் கொடுக்கலாம். இதற்குக் காலக்கெடு உண்டு. எழுபது வயதுக் கையிலிருக்கும் அறிவு இன்னும் பத்தாண்டு காத்திருக்காது.

மூன்றாவது, தரமும் அளவீடும். கட்டடச் சுண்ணாம்புக்கு ஐ.எஸ். 712, சுண்ணாம்புப் பூச்சுக்கு ஐ.எஸ். 2394 என்ற இந்தியத் தர நிர்ணயங்கள் பல ஆண்டுகளாக இருக்கின்றன. அவற்றைப் படித்துக்காட்ட பொறியாளர் வேண்டும். தூத்துக்குடியின் அனல் மின்நிலையங்கள் வெளியேற்றும் சாம்பலைச் சுண்ணாம்போடு சேர்த்தால் ஈரத்திலும் இறுகும் சாந்து கிடைக்கும். முற்காலத்தில் செங்கல் தூளான சுர்க்கி செய்த பணி அது. அந்தக் கலவை நம் உப்புச் சுவர்களில் எப்படி நடந்துகொள்கிறது என்பதை நகரிலுள்ள அண்ணா பல்கலைக்கழக வ.உ.சி. பொறியியல் கல்லூரி போன்ற நிறுவனம் ஐந்தாண்டுகள் அளந்து பார்க்கலாம். ஒரே அரசுக் கட்டடத்தில் ஒரு சுவருக்கு சிமெண்ட், அடுத்ததற்குச் சுண்ணாம்பு, மூன்றாவதற்குச் சாம்பல் கலந்த சுண்ணாம்பு என்று பூசி, ஓதத்தையும் உப்பையும் அறை வெப்பத்தையும் பதிவுசெய்ய அதிகச் செலவு ஆகாது. என் வீட்டுக் கதையைவிட அந்த அட்டவணை மதிப்புள்ளது.

நான்காவது, எல்லாவற்றுக்கும் முன்நிபந்தனையாக, மூலம் தெரியாத சுண்ணாம்பை வாங்கக் கூடாது. அரசுப் பணிக்கு வரும் ஒவ்வொரு மூட்டையும் எந்தச் சுரங்கத்துக் கல், எந்தக் காளவாய் என்ற சான்றோடு வர வேண்டும். கடலிலிருந்தும் கழிமுகத்திலிருந்தும் எடுத்த உயிர்ப்பாறைக்கும் சிப்பிப் படுகைக்கும் இதில் இடமே இருக்கக் கூடாது. உணவுக்குப் பயன்பட்டுக் கழிவாகும் மட்டி, சிப்பி ஓடுகள் கிடைத்தால் அவற்றைச் சுடலாம். அது சிறிய அளவே என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சுண்ணாம்புக்குத் தேவை பெருகினால் கள்ளச் சந்தை முதலில் திரும்பிப் பார்ப்பது அருகிலிருக்கும் தீவுகளைத்தான். அந்தக் கதவை மூடாமல் மறுமலர்ச்சி பேசுவது, முத்துக் குளித்த கடலுக்கு இரண்டாவது துரோகம். 1961-க்குப் பிறகு தூத்துக்குடியில் அரசு முத்துக்குளிப்பு நடக்கவில்லை. ஒரு படுகை வெறுமையானால் திரும்ப நிரம்ப எவ்வளவு காலம் ஆகும் என்பதற்கு அந்த ஆறு பத்தாண்டுகளே சாட்சி.

ஏழைகளின் வீடுகள் பற்றியும் ஒரு சொல். கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு ரூ.3.50 லட்சம் கொடுக்கப்படுகிறது. அந்தத் தொகையில் ஏழு வாரப் பூச்சு வேலையைத் திணிப்பது அநீதி. சோதனையின் செலவை வசதியுள்ளவர்களும் அரசும்தான் ஏற்க வேண்டும். கூரை மேல் வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பது வேறு. வெயிலைத் திருப்பியனுப்பி வீட்டைக் குளிர்விக்கும் மிக மலிவான வழி அது. வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழக அரசு 2024-இல் அறிவித்திருக்கிறது. ஆண்டுதோறும் பங்குனியில் அந்த வீடுகளின் கூரைக்கு ஒரு வாளிச் சுண்ணாம்பு கொடுப்பது எந்த ஊராட்சிக்கும் பாரமாகாது.

பசுமை ஹைட்ரஜன், கப்பல் கட்டும் தளம், குலசேகரன்பட்டினம் ராக்கெட் ஏவுதளம் என்று இந்தக் கடற்கரையின் எதிர்காலம் பெரிய தொகைகளில் எழுதப்பட்டுக்கொண்டிருக்கிறது. புதிய குடியிருப்புகளும் அலுவலகங்களும் வரும். அவற்றுக்காகப் பழைய வீடுகள் பல இடிபடும். சுவரில் பூச்சு உதிர்கிறது என்பதே இடிப்பதற்குக் காரணமாகச் சொல்லப்படும். அப்போது ஒருவராவது சுவரைத் தட்டிப் பார்த்து, உதிர்வது பூச்சா, செங்கல்லா என்று கேட்க வேண்டும். பூச்சு மட்டும் என்றால், அந்த வீட்டுக்கு இன்னும் ஒரு தலைமுறை ஆயுள் இருக்கிறது.

என் முன்கூடம் இந்தக் கோடையில் காய்ந்துவிட்டது. சுவர் முன்போலப் பளபளக்கவில்லை. தொட்டால் விரலில் சிறிது வெள்ளை ஒட்டுகிறது. வீட்டில் உள்ளோருக்கு அதில் சிறு மனக்குறைதான். வரும் ஐப்பசியில் மழை பெய்யட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

கட்டுரையாளர்: ஓய்வுபெற்ற பொருளாதாரப் பேராசிரியர்.